அடுக்ககக் குளமும் விதி மீறும் குடும்பமும்: மூடுவதற்கு முன் சில வார்த்தைகள்

காட்பாடிக்கு அருகே 54 வீடுகள் கொண்ட அடுக்ககம். நடுவில் நீச்சல் குளம். மூன்றாம் மாடிக் குடும்பம் ஒன்று ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு உறவினர்களை அழைத்துவந்து இறங்குகிறது. லுங்கியும் புடவையுமாக, தலை நிறைய எண்ணெயோடு குளிக்கிறார்கள். பிள்ளைகள் விளிம்பிலிருந்து தலைகீழாகப் பாய்கிறார்கள். இரவு பதினொரு மணிவரை பாட்டு. கேட்டால், "நானும் பணம் கொடுத்து வாங்கியவன்தான், குளத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது" என்கிறார் வீட்டுக்காரர். வாட்ஸ்அப் குழுவில் வாய்ச்சண்டை முற்றிப்போய், குளத்தையே மூடிவிடலாம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். இதற்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலூர் சத்துவாச்சாரியில் ஓர் அடுக்ககச் சங்கத்துக்கு ஆறு ஆண்டுகள் செயலாளராக இருந்தவன் நான். குளத்தைப் பராமரித்த ஒப்பந்தக்காரர் பாதியில் விட்டுச் சென்றபோது, வடிகட்டியைக் கழுவுவதிலிருந்து குளோரின் அளவு பார்ப்பதுவரை நானே கற்றுக்கொண்டு செய்தேன். நீங்கள் சொன்ன ஒவ்வொரு மீறலும் எங்கள் குளத்திலும் நடந்தது. குளத்தை மூடாதீர்கள். சட்டத்தையும் முதலில் கையில் எடுக்காதீர்கள். அந்தக் குடும்பம் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் சிக்கலில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

நம் பக்கத்தில் நடு வயதைக் கடந்தவர்களில் நீச்சல் தெரிந்தவர்கள் பெரும்பாலும் கிணற்றில் கற்றவர்கள். பாலாறு ஆண்டில் பல மாதங்கள் மணலாகத்தான் கிடக்கும். அணைக்கட்டுப் பக்கமோ கே.வி.குப்பம் பக்கமோ வளர்ந்த பிள்ளைகளுக்கு நீர் என்றால் கிணறுதான். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, மாமாவோ சித்தப்பாவோ தூக்கிப் போடுவார். கை கால் அடிக்கப் பழகிய பிறகு லாரி டியூப். அதற்கும் பிறகு பம்புசெட் அறையின் கூரையிலிருந்து பல்டி. கட்டியிருந்த துணியோடுதான் குளித்தோம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய்ச் சீயக்காய் போட்டு அங்கேயே தலைமுழுகினோம். அதை யாரும் குற்றமாகப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. கிணற்றில் ஊற்று இருந்தது. மோட்டார் போட்டால் பழைய நீர் நெல்லுக்கும் கரும்புக்கும் போய்விடும், விடிவதற்குள் புது நீர் ஊறிவிடும்.

அந்த மூன்றாம் மாடி வீட்டுக்காரர் உங்கள் குளத்தைக் கிணறாகவே பார்க்கிறார் என்பது என் கணிப்பு. சுவரில் ஒட்டிய பன்னிரண்டு விதிகள் அவருக்கு நகரத்து மிடுக்காகத் தெரிகின்றன. "எண்ணெய் தேய்த்துவிட்டு வராதே" என்று எழுதியிருப்பது, "நீ அழுக்கானவன்" என்று சொல்வதுபோல் அவர் காதில் விழுகிறது. அதற்குத்தான் அவர் கோபப்படுகிறார். எங்கள் சங்கத்தில் ஒரு பெரியவர் என்னிடம் இதையே நேராகச் சொன்னார்: "ஐம்பது வருடம் கிணற்றில் குளித்தவனுக்கு நீ குளிக்கச் சொல்லித் தருகிறாயா?" அவரிடம் விதியைப் படித்துக்காட்டிப் பயனில்லை. நீரின் கணக்கைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

குளம் 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரியாக 1.2 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 86,000 லிட்டர் பிடிக்கும். 12,000 லிட்டர் லாரியில் ஏழு நடைக்கும் மேல். வேலூர்க் கோடையில் குடிக்கிற நீருக்கே காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை எதிர்பார்த்திருக்கும் ஊரில் இதை மாதம் ஒருமுறை கொட்டி நிரப்ப முடியாது. ஆகவே அதே நீர் மாதக்கணக்கில் மணல் வடிகட்டி வழியாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஊற்று செய்த வேலையை இங்கே குளோரின் செய்கிறது. லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் தனிக் குளோரின், அதாவது அழுக்கோடு சேர்ந்து தீர்ந்துபோகாத குளோரின், எப்போதும் இருக்க வேண்டும். நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.2க்கும் 7.8க்கும் இடையில் நிற்க வேண்டும். இந்த அற்ப அளவு மருந்துதான் நோய்க்கும் நமக்கும் நடுவில் நிற்கும் வேலி.

அந்த வேலியை அரிப்பவை பல. வெயில் முதல் எதிரி. நம் ஊரில் அக்னி நட்சத்திரக் காலத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் சயனூரிக் அமிலம் சேர்க்காத குளத்தில் நேரடி வெயில் ஓரிரு மணி நேரத்திலேயே பெரும்பகுதிக் குளோரினை அழித்துவிடும். அடுத்தது உடம்பிலிருந்து வருவது: வியர்வை, எண்ணெய், பவுடர், மஞ்சள், சோப்பு நுரை, சிறுநீர். கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் இவற்றோடு மல்லுக்கட்டித் தீர்ந்துபோகிறது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடித்த பத்துப் பேர் ஞாயிறு காலையில் ஒன்றாக இறங்கினால், வடிகட்டி மணல் பிசுபிசுத்துக் கட்டிகட்டியாகிவிடும். வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜனோடு குளோரின் சேரும்போது குளோரமின் உருவாகிறது. கண் எரிவதும் மூக்கைத் துளைக்கும் நெடியும் அதனால்தான். "மருந்தை அள்ளிப் போட்டுவிட்டார்கள்" என்று அப்போது எல்லோரும் திட்டுவார்கள். உண்மையில் பெரும்பாலும் நல்ல குளோரின் தீர்ந்துபோய், கெட்டுப்போனது மிஞ்சியிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது.

என்னைத் திட்டிய பெரியவரைப் பம்பு அறைக்கு அழைத்துப்போனேன். வடிகட்டியைத் திருப்பிக் கழுவும் வால்வைத் திருகி, பக்கத்தில் இருந்த சிறு கண்ணாடிக் குழாயைக் காட்டினேன். முதல் இரண்டு நிமிடம் பழுப்பும் பச்சையுமாக ஓடியது. ஒரு வாரத்தில் நாற்பது குடும்பங்கள் விட்ட அழுக்கு அது. அவர் அதை உற்றுப் பார்த்துக்கொண்டே, "இந்தத் தண்ணீரிலா என் பேத்தி வாய் கொப்பளிக்கிறாள்?" என்று கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து குளத்துக்குப் போகும் வழியில் இருந்த ஷவரின் கீழ் பேரப்பிள்ளைகளை நிறுத்தித் தேய்த்துவிட்டவர் அவர்தான். ஆகவே முதல் வேலையாக, மாதம் ஒரு ஞாயிறு பம்பு அறையைத் திறந்து காட்டுங்கள். சோதனைப் பெட்டியை மேசைமேல் வைத்துப் பிள்ளைகளையே குளோரின் பார்க்கச் சொல்லுங்கள். அன்றைய அளவைக் கரும்பலகையில் எழுதுங்கள். அந்த வீட்டுப் பையன் கையாலேயே எழுதட்டும்.

உடை விஷயத்தில் கவனமாக இருங்கள். பெரும்பாலான சண்டை இங்கேதான் மானப் பிரச்சினையாக மாறுகிறது. பருத்தித் துணியின் நூலிழை வடிகட்டிக்குப் போகிறது, சாயம் இறங்குகிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஈரமான புடவையும் துப்பட்டாவும் லுங்கியும் காலைச் சுற்றிக்கொள்ளும். அடியில் உள்ள வடிகால் துளையின் இழுப்பில் சிக்கும். விரித்துப் போட்ட நீண்ட கூந்தலும் அப்படியே. ஆனால் "நீச்சல் உடை கட்டாயம்" என்று மட்டும் எழுதினால், நம் வீட்டுப் பெண்களில் பாதிப் பேரை வெளியே நிறுத்திவிட்டோம் என்று பொருள். மணிக்கட்டிலிருந்து கணுக்கால்வரை மூடும் நைலான் உடைகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. விதி துணியின் வகையைப் பற்றியதாக இருக்கட்டும், உடம்பை எவ்வளவு மூடுவது என்பது அவரவர் விருப்பம். இதைத் தெளிவாக எழுதி, செவ்வாயும் வெள்ளியும் மாலை ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியபோது எங்கள் குளத்தில் புடவையோடு இறங்குவது நின்றது.

இதுவரை சொன்னவை பொறுமையாகத் திருத்த வேண்டியவை. பொறுமை கூடாத மீறல்களும் இருக்கின்றன. அவற்றைத் தனியே பிரித்துவைக்காமல் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போடுவதுதான் சங்கங்கள் செய்யும் பெருந்தவறு. பாட்டுச் சத்தமும் தலைகீழ்ப் பாய்ச்சலும் ஒன்றல்ல.

பாய்ச்சலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஐந்தாறு ஆள் ஆழம் உள்ள கிணற்றில் தலைகீழாகப் பாய்ந்து பழகிய உடம்பு, நாலடிக் குளத்திலும் அதே வேகத்தில்தான் இறங்கும். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைக்கே இங்கே ஆபத்து அதிகம். தெரியாதவன் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருப்பான். தலை தரையில் மோதினால் கழுத்தெலும்பு நொறுங்கித் தண்டுவடம் அறுபடும்; கையும் காலும் வாழ்நாள் முழுக்க அசையாமல் போகலாம். வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டாம். சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரு கால்களும் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து, அதற்கான தனித் துறையை இங்கே தொடங்கினார். பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு நிலையம் 1966இல் அவர் முயற்சியில் எழுந்தது. அந்த வளாகத்தின் வழியாகப் போகிறவர்களுக்கு, ஒரு நொடியில் தண்டுவடம் அறுந்தவர்கள் மறுபடி உட்காரவும் உண்ணவும் எத்தனை மாதம் பாடுபடுகிறார்கள் என்பது தெரியும். பாயும் பிள்ளைகளின் பெற்றோரிடம் இதைச் சொல்லும்போது மிரட்டும் குரல் வேண்டாம். பிள்ளைமேல் அக்கறை உள்ளவர் சொல்வதுபோல் சொல்லுங்கள், ஏனென்றால் அதுதான் உண்மை.

தலைகீழ்ப் பாய்ச்சல், பெரியவர் துணையில்லாத குழந்தை, மது அருந்தியவர், விளக்கில்லாத இரவுக் குளியல், அடித்தளம் தெரியாத அளவுக்குக் கலங்கிய நீர்: இந்த ஐந்துக்கும் எச்சரிக்கை, கூட்டம், கடிதம் எதுவும் தேவையில்லை. கண்ட அந்த நொடியே நிறுத்த வேண்டும். யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். மூழ்குகிறவர் கூச்சலிடுவார் என்று நாம் நினைக்கிறோம். மூச்சுக்குத் தவிக்கும் வாயிலிருந்து குரல் வராது. சிறு குழந்தை ஒரு நிமிடத்துக்குள் சத்தமே இல்லாமல் அடியில் போய்விடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். மற்ற எந்த வயதினரையும்விட ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளே அதிகம். குளத்தைச் சுற்றி நான்கு பக்கமும் குறைந்தது 1.2 மீட்டர் உயர வேலி, தானாக மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவு, மிதவை வளையம், நீண்ட கழி ஆகியவை உங்களிடம் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் அந்தக் குடும்பத்தைக் குறை சொல்லும் தகுதி சங்கத்துக்கு இன்னும் வரவில்லை. நான்கு பேராவது முதலுதவி கற்றிருக்க வேண்டும். மூழ்கியவரைக் கரையேற்றியதும் மூச்சு இல்லையென்றால், வாயோடு வாய் வைத்துக் காற்று ஊதுவதுதான் முதல் வேலை, மார்பை அழுத்துவது அடுத்தது. அதே வேளையில் இன்னொருவர் 108ஐ அழைக்க வேண்டும்.

காவலாளியைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாம் கேட்கத் தயங்குவதை அவரைக் கேட்கச் சொல்கிறோம். அவர் கேட்டால் அந்த வீட்டுக்காரர் ஒருமையில் திட்டுகிறார். நாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். எங்கள் சங்கத்தில் அப்படி ஒருவர் வேலையை விட்டே போனார். அதற்கு நானும் காரணம். பிறகு அந்த ஐந்து மீறல்களையும் நிறுத்தும் அதிகாரம் காவலாளிக்கு உண்டு என்று சங்கத்தின் முத்திரையோடு கடிதம் எழுதிச் சுவரில் மாட்டினோம். வேறு எந்த மீறலுக்கும் அவர் வாய் திறக்க வேண்டாம், செயலாளருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும் என்றோம். அழைத்தால் இரவு பத்து மணியானாலும் இறங்கி வந்தேன்.

இனி அந்த வீட்டுக்காரரிடம் பேசுவது. வாட்ஸ்அப் குழுவில் பேசாதீர்கள். நாற்பது பேர் பார்க்கும் இடத்தில் ஒருவரைத் தவறு என்று சொல்லிவிட்டால், அவர் தன் மானத்துக்காகவேனும் அந்தத் தவறை நியாயப்படுத்தியாக வேண்டும். ஈரத் துணியோடு உறவினர்கள் சூழ நிற்கும்போதும் பேசாதீர்கள். விருந்தாளிகள் முன் தலைகுனிவதை நம் ஊரில் யாரும் பொறுக்கமாட்டார்கள். வாரநாள் மாலை, வீட்டுக்குப் போங்கள். இரண்டு பேர் போதும். அந்த வீட்டு அம்மாவோடு பழக்கமுள்ள ஒரு பெண் உடன்வந்தால் நல்லது. தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். பேச்சை மீறலில் தொடங்காதீர்கள். "அண்ணே, உங்கள் பையன் நன்றாக நீந்துகிறான், எங்கே கற்றான்?" என்று கேளுங்கள். கிணற்றுக் கதை வரும். அதைக் கேட்டு முடித்த பிறகு, "கிணற்றில் பாய்ந்த பழக்கம் இந்த நாலடித் தண்ணீரில் கழுத்தை ஒடித்துவிடும் என்றுதான் பயமாக இருக்கிறது அண்ணே" என்று சொல்லலாம். அன்றைக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்க வேண்டும். பாய்ச்சலை நிறுத்தச் சொல்லுங்கள். எண்ணெய், நேரம், பாட்டு எல்லாம் அடுத்த முறை. எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கினால் ஒன்றும் நடக்காது.

விருந்தினர் விஷயத்தில் எண்ணிக்கையைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். ஒரு வீட்டுக்கு ஒரு வேளைக்கு நான்கு பேர் என்று நாங்கள் வைத்தோம். ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலைக்கோ ரத்தினகிரிக்கோ வந்துவிட்டு உறவினர் கூட்டமாகத் தங்கும் நாட்களில் முன்கூட்டிச் சொன்னால் இரண்டு மணி நேரம் கூடுதல் இடம் தந்தோம். வளைந்து கொடுக்கும் வழி விதிக்குள்ளேயே இருந்தால், அதை உடைக்க வேண்டிய தேவை குறைகிறது.

வேலூருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. சிகிச்சைக்காக வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வருகிறவர்களுக்கு அடுக்கக வீடுகளை நாள் வாடகைக்கு விடும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அந்தக் குடும்பங்கள் மே மாத வெயில் தாளாமல் குளத்தில் இறங்குகின்றன. அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ள வந்தவர்களின் மனநிலை வேறு. நம் விதி அவர்களுக்குத் தெரியாது, பல நேரம் எழுத்தும் புரியாது. அறிவிப்பைத் தமிழ், ஆங்கிலத்தோடு இந்தியிலும் வங்காளியிலும் எழுதி வையுங்கள். படமாகவும் வரைந்து வையுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர் ஆகியோருக்கு எதிர்ப்பாற்றல் குறைவு என்பதால், மருத்துவரைக் கேட்காமல் பொதுக் குளத்தில் இறங்க வேண்டாம் என்பதை அன்போடு சொல்ல வேண்டும். கண்டிக்க வேண்டியது, அவர்களிடம் வாடகை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் விட்ட வீட்டு உரிமையாளரை.

குழந்தை குளத்தில் மலம் கழித்துவிட்டால் என்ன செய்வது என்பதைப் பல சங்கங்கள் எழுதிவைப்பதே இல்லை. கெட்டியாக இருந்தால் எடுத்துவிட்டு, குளோரினை லிட்டருக்கு 2 மில்லிகிராமில் நிறுத்தி அரை மணி நேரம் யாரையும் விடக் கூடாது. வயிற்றுப்போக்கு என்றால் கதை வேறு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி வழக்கமான குளோரின் அளவில் ஒரு வாரத்துக்கும் மேல் உயிரோடிருக்கும். குளோரினை 20 மில்லிகிராமுக்கு ஏற்றி 13 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். சயனூரிக் அமிலம் உள்ள குளத்தில் அதற்கு இன்னும் நெடுநேரம் பிடிக்கும். 86,000 லிட்டர் குளத்துக்கு, 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் இரண்டே முக்கால் கிலோ அளவில் தேவைப்படும். தெரிந்தவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது. இருவகைக் குளோரின் மருந்துகளை ஒரே வாளியில் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். அமிலத்தோடு சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும். இதற்காக எந்தக் குடும்பத்துக்கும் அபராதம் போடாதீர்கள். அபராதம் என்று தெரிந்தால் அடுத்த தாய் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். நீரில் இருக்கும் மற்ற பிள்ளைகள்தான் அதற்கு விலை கொடுப்பார்கள். சொன்னவருக்கு நன்றி சொல்லுங்கள்.

"எனக்கும் பங்கு இருக்கிறது" என்கிறாரே, அது உண்மைதான். கிரயப் பத்திரத்தில் பிரிபடாத பாகம் என்று எழுதியிருப்பது குளம் உள்ளிட்ட பொது இடத்தையும் சேர்த்தே. ஆனால் அதே பாகம் மற்ற 53 வீட்டுக்காரர்களுக்கும் இருக்கிறது. தன் பங்கைப் பயன்படுத்தும் உரிமை, மற்றவர் பங்கைப் பயனற்றதாக்கும் உரிமையாகாது. 1994ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, இப்போது நடைமுறையில் இருக்கிறது. பல சங்கங்கள் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானவை. எதன்கீழ் இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: சங்கத்தின் துணை விதிகளில் குளத்தைப் பற்றி எழுதி, பொதுக்குழுவில் வைத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றியிருந்தால் மட்டுமே உங்கள் விதிக்கு உயிர் உண்டு. செயலாளர் தட்டச்சு செய்து ஒட்டிய காகிதத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. அபராதமும் அப்படியே, துணை விதியில் இடம் இல்லாமல் வசூலித்தால் திருப்பித் தர நேரிடும்.

கோபத்தில் அந்த வீட்டின் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்திவிடாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த ஒரு செயலால் வழக்கு தலைகீழாகிவிடும். குளத்தில் இருப்பவர்களைச் செல்பேசியில் படம் எடுத்துக் குழுவில் போடுவதும் கூடாது. ஈர உடையில் இருக்கும் பெண்களையும் பிள்ளைகளையும் படம் எடுத்துப் பரப்பியவர் காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டிவரும். ஆதாரம் வேண்டுமென்றால் ஒரு பதிவேடு போதும்: தேதி, நேரம், என்ன நடந்தது, பார்த்த இருவர் கையெழுத்து. இரவுச் சத்தத்துக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபலுக்கு மேல் கூடாது. குளத்தின் நேரத்தை இரவு எட்டரையோடு முடித்து, விளக்கையும் கதவையும் அப்போதே அடைத்தால் அந்தச் சட்டத்தைத் தொட வேண்டிய தேவையே வராது.

நேரில் பேசியும், பதிவேட்டில் மூன்று முறை ஏறியும் மாறவில்லையென்றால், பெற்றுக்கொண்டதற்குச் சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் ஒரு கடிதம். அதில் வசை வேண்டாம். தேதியும் மீறலும் தீர்மான எண்ணும் போதும். அதற்கும் அசையாவிட்டால் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். வழக்குத் தொடுப்பதற்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடு எட்டினால் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்; மேல்முறையீடு கிடையாது. அங்கே போன ஒரு வழக்கு எனக்குத் தெரியும். மூன்று ஆண்டுகள் மின்தூக்கியில் முகம் திருப்பிக்கொண்ட இரண்டு குடும்பங்கள், நடுவில் அமர்ந்த மூன்றாம் மனிதர் பொறுமையாகக் கேட்டதாலேயே ஒரே நாளில் கையெழுத்திட்டன.

இவ்வளவு பாடும் எதற்கு என்று உங்கள் நிர்வாகிகள் கேட்டால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவைச் சொல்லுங்கள். கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் ஐந்து ஆண்டுவரை சிறை. ஆபத்து தெரிந்தும் சும்மா இருந்தது யார் என்ற கேள்வி சங்கத்தின் வாசலுக்கும் வரும்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். விதிகளைத் திருத்த உட்காரும்போது சிலர் சந்தடியில் வேறு சிலவற்றை நுழைப்பார்கள்: வாடகைக்கு இருப்பவர்கள் கூடாது, செவிலியர் மாணவிகள் கூடாது, வீட்டு வேலை செய்பவரின் பிள்ளை கூடாது. எங்கள் பொதுக்குழுவிலும் இந்தப் பேச்சு எழுந்தது. எழுந்து நின்று எதிர்த்தேன். யாரெல்லாம் எந்த நீரைத் தொடலாம் என்று பிறப்பைப் பார்த்துச் சொன்ன கொடுமை நம் ஊர்க் கிணறுகளுக்கு உண்டு. அதை ஓடு பதித்த குளத்துக்கு எடுத்துவர நான் ஒருபோதும் சம்மதிக்கமாட்டேன். ஷவரில் குளித்துவிட்டு, நைலான் உடை போட்டுக்கொண்டு, நேரத்துக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் விதி அவருக்கு ஒன்றுதான்.

கடைசியாக, மூடுவது பற்றி. பம்பை நிறுத்திப் பூட்டிய குளம் மே மாதத்தில் சில நாட்களிலேயே பச்சையாகிவிடும். தேங்கிய நீரில் இட்ட முட்டையிலிருந்து ஏடிஸ் கொசு பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும்; டெங்குவை நாமே வளர்த்ததாகும். அடித்தளம் தெரியாத பச்சை நீரில் ஒரு குழந்தை விழுந்தால் தேடிக் கண்டுபிடிப்பதும் கடினம். நீரை முழுக்க இறக்கிவிட்டால், ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் மேலேறும்போது வெற்றுத் தொட்டி மிதந்து விரிசல்விட இடமுண்டு. மழைக்காலத்தில் யாரும் குளிக்காத வாரங்களிலும் பம்பு தினமும் ஓடட்டும், குளோரின் பார்க்கப்படட்டும், வேலிக் கதவு பூட்டியிருக்கட்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதைக் கதவிலேயே எழுதி வையுங்கள்.